ரெண்டு தடவை மொத்தமா கழுவியும் மளிகை அலமாரியில அந்துப்பூச்சி திரும்ப வருது, எங்கேர்ந்துதான் வருது?

வானதி எழுதியது:

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், ரெண்டு மாசமா இதோட மல்லுக்கட்டி ஓஞ்சு போய்ட்டேன் அதான் இங்க கேக்குறேன். மளிகை வெக்கிற அலமாரி பக்கம் சின்னச் சின்ன அந்துப்பூச்சி பறக்குது, சாயங்காலம் லைட் போட்டா ஒண்ணு ரெண்டு வளைஞ்சு வளைஞ்சு வரும். முதல் தடவை பாத்தப்போ கோதுமை மாவு டப்பாக்குள்ள நூலாம்படை மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு, மாவு கட்டி கட்டியா சேந்துபோய் நடுவுல வெள்ளப் புழு. அப்பவே மாவ கொட்டிட்டு எல்லா டப்பாவையும் சோப்பு போட்டு கழுவி காய வெச்சு, அலமாரிய துடைச்சு புது பேப்பர் விரிச்சேன். மூணு வாரம் ஒண்ணுமே இல்ல, ஒழிஞ்சதுன்னு நிம்மதியா இருந்தேன், திரும்ப வந்துருச்சு. மறுபடி அதே வேல, மறுபடி வந்துருச்சு. இப்போ அரிசியிலயும் கருப்பா பொடி வண்டு தெரியுது, அது இதோட குட்டியா இல்ல வேறயான்னு கூட புரியல. வீட்ல தவழுற குழந்தை இருக்கு, மருந்து அடிக்க பயமா இருக்கு. கிராம்பு போட்டேன், பிரிஞ்சி இலை போட்டேன், அந்த இலை மேலயே ஒரு புழு ஊர்ந்து போறத என் கண்ணால பாத்தேன். யாராவது வழி சொல்லுங்க ப்ளீஸ்.

களஞ்சியம் எழுதியது:

வானதிம்மா, நான் தானியக் கிடங்குல ரொம்ப வருஷம் வேல பாத்தவன், இந்தப் பூச்சிய நல்லாத் தெரியும். முதல்ல ஒண்ணு, உங்க வீட்ல இருக்குறது ரெண்டு தனித்தனி பூச்சி. அந்துக்கு குட்டி வண்டு கிடையாது, அதோட குட்டிதான் அந்தப் புழு. அரிசி வண்டு கதை வேற, அத அப்புறம் பாக்கலாம்.

ஏன் திரும்ப வருதுன்னா, அந்தப் புழு தின்னு முடிச்சதும் டப்பாக்குள்ள கூடு கட்டாது, பெரும்பாலும் வெளிய கிளம்பிரும். சுவத்துல ஏறி சீலிங் மூலைக்குப் போகும், அலமாரிப் பலகை செருகுற ஓட்டைக்குள்ள போகும், கதவுக் கீல் சந்துல போகும், விரிச்ச பேப்பருக்கு அடியில போகும். அங்க மெல்லிசா வெள்ளக் கூடு கட்டிக்கிட்டு உள்ள உக்காந்துரும். நீங்க கழுவுன அன்னிக்கு இதெல்லாம் சத்தமில்லாம சுவத்துல இருந்திருக்கும், அப்புறம் பூச்சியா வெளிய வந்து முட்டை போட்டுருக்கும். ஒரு பெண் பூச்சி 100லேர்ந்து 400 முட்டை வரைக்கும் போடும்னா பாத்துக்கங்க. வெக்கையான காலத்துல முட்டையிலேர்ந்து பூச்சி வரைக்கும் ஒண்ணு ஒன்றரை மாசத்துல முடிஞ்சிரும்.

அதனால டப்பாவ விட்டுட்டு இப்போ ஒரு டார்ச் எடுத்துக்கங்க. திருகு மூடி போட்ட பாட்டில் ஒவ்வொண்ணையும் மூடியக் கழட்டி உள்பக்க மரையில பாருங்க, அரிசி மணி நீளத்துக்கு வெள்ளையா ஒட்டிட்டு இருந்தா அதுதான் கூடு. சீலிங் மூலைகளப் பாருங்க. அப்புறம் அடிக்கடி தொறக்காத பொருள் எதுன்னு யோசிங்க, ஊத்து அங்கதான் இருக்கும். பாதாம் முந்திரி, உலர் பழம், பழைய சாக்லேட், நாய்க்குப் போடுற தீனி, பறவைத் தீனி எல்லாத்துலயும் இது வளரும். பிரிக்காத பாக்கெட்டுன்னு விட்டுராதீங்க, இந்தப் புழு மெல்லிசான பிளாஸ்டிக்க கடிச்சு ஓட்டை போட்டுரும்.

வானதி எழுதியது:

ஐயா ரொம்ப நன்றி, கை நடுங்குது டைப் பண்றதுக்கு. நீங்க சொன்னதும் டார்ச் எடுத்துட்டுப் போனேன். ஊறுகாய் பாட்டில் மூடி மரையில மூணு கூடு, தேன் பாட்டில் மூடியில ஒண்ணு. இத போய் புழு திங்குமான்னு நான் அந்தப் பக்கமே பாக்கல, ஆனா அது திங்க வரல, கூடு கட்ட வந்துருக்கு இல்லையா. மேல்தட்டுல ஒரு பை, போன வருஷம் வளத்த கிளிக்கு வாங்குன தினை அதுல பாதி மிச்சம் இருந்துச்சு, கிளி போனப்புறம் மனசு வராம அப்படியே வெச்சிருந்தேன். பைய தொட்டதும் நாலஞ்சு பூச்சி பறந்துச்சு. உள்ள தினை எல்லாம் ஒரே பாளமா நூல்ல கோத்து நின்னுச்சு. ரெண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டி வெளிய கொண்டுபோய் போட்டுட்டேன். இப்போ அரிசிக்கு என்ன பண்றது?

மல்லிகா_கிச்சன் எழுதியது:

வானதி, அரிசிய தூக்கிப் போட்டுறாதீங்கப்பா! அது மூக்கு நீண்ட வண்டு, 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், தட்டுல கொட்டி லேசா தட்டுனா கால மடக்கிக்கிட்டு செத்த மாதிரி கெடக்கும் கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நடக்கும். அரிசி மணிய ஓட்டை போட்டு உள்ள முட்டை வெச்சு அந்த ஓட்டைய அடச்சிரும், புழு உள்ளயே தின்னு வளந்து வண்டாதான் வெளிய வரும். அதான் நம்ம கண்ணுக்கு சுத்தமா தெரியுற அரிசியிலேர்ந்து ஒரு மாசம் கழிச்சு வண்டு வருது. வெயில்ல காய வெச்சா பெரிய வண்டு ஓடிரும் ஆனா மணிக்குள்ள இருக்குறது நிறைய தப்பிச்சிரும், ஓடுனதும் வேற டப்பாவுக்குத்தான் போகும்.

நான் பண்றது ஃப்ரீசர். அரிசிய புடைச்சு சலிச்சுட்டு ஒரு கிலோ ஒரு கிலோவா கவர்ல போட்டு தட்டையா வெச்சிருவேன். மைனஸ் 18 டிகிரியில 4 நாள் இருந்தா முட்டை, புழு, வண்டு எல்லாம் போயிரும், பெரிய மூட்டையா வெச்சா நடுவுல குளிர் ஏறவே நாளாகும் அதனால நான் ஒரு வாரம் விடுவேன். வெளிய எடுத்ததும் கவர உடனே பிரிச்சிறாதீங்க, ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் பிரிங்க, இல்லன்னா ஈரம் கோத்துக்கிட்டு பூஞ்சை வந்துரும். ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டு பத்தாது, அங்க வளராம நிக்கும் ஆனா சாகாது, நான் முதல்ல இதுலதான் ஏமாந்தேன்.

சலிச்ச அரிசிய நல்லா கழுவி சமைச்சு சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா மாவுல செவப்பா சின்ன வண்டு ஊர்ந்து, ஒரு மாதிரி காட்டமா வாடை அடிச்சு, மாவு லேசா ரோஸ் கலருல தெரிஞ்சா அத சலிச்சு கூட வெச்சுக்காதீங்க, கொட்டிருங்க. அந்த வண்டு விடுற ஒரு ரசாயனம் மாவுல எறங்கிடும், சூடு பண்ணாலும் நாத்தம் போகாது.

ரகு77 எழுதியது:

சிஸ், ஒரே ஒரு தடவை அலமாரியக் காலி பண்ணிட்டு கரப்பான் ஸ்ப்ரே அடிச்சு ஒரு நாள் மூடி வெச்சா முடிஞ்சுது, எதுக்கு இவ்ளோ சிரமம்?

களஞ்சியம் எழுதியது:

ரகு தம்பி, வேண்டாம்ப்பா. சாப்பாட்டுப் பொருள் வெக்கிற பலகையில, அதுவும் தவழுற குழந்தை இருக்குற வீட்ல. இதுல இன்னொண்ணு, ஸ்ப்ரே மணிக்குள்ள இருக்குற புழுவுக்குப் போய்ச் சேராது, மூடிக்குள்ள இருக்குற கூட்டுக்கும் சேராது. வேக்யூம் கிளீனரோட மெல்லிசு மூக்க மாட்டி சந்து சந்தா உறிஞ்சுறது எவ்வளவோ மேல், உறிஞ்சுன குப்பைய அன்னிக்கே வெளிய கொட்டிரணும். வேக்யூம் இல்லன்னா பழைய டூத்பிரஷ் போதும், ஓட்டைக்குள்ள விட்டு சுத்தி எடுங்க, அப்புறம் சோப்புத் தண்ணி. துடைச்சப்புறம் பலகை எலும்பு மாதிரி காயணும், ஈரத்தோட பேப்பர் விரிக்கக் கூடாது. பேப்பரே வேண்டாம்னுதான் நான் சொல்வேன், அது அடியில ஒளிய எடம் குடுக்குது.

பொறி அட்டை விக்கிறாங்க, பெண் பூச்சி வாசனை தடவுனது. வாங்கி ஒண்ணு மாட்டுங்க ஆனா அதுல ஆண் பூச்சி மட்டுந்தான் ஒட்டும். குறைஞ்சிருக்கா இல்லையான்னு எண்ணிப் பாக்கத்தான் அது, அதுவே ஒழிச்சிரும்னு நம்பி சும்மா இருந்துறாதீங்க.

நிலா_ஹோம் எழுதியது:

எல்லாரும் மாவு அரிசின்னு பேசுறீங்க, பயறையும் பாத்துருங்க வானதி. பயறு மேல குண்டூசித் தலைய விட சின்னதா வெள்ளப் புள்ளி ஒட்டிட்டு இருந்தா அது முட்டை, கழுவுனா போகாது, கொஞ்ச நாள்ல உள்ளேர்ந்து வட்டமா ஓட்டை போட்டுட்டு வண்டு வரும். நான் இப்போ எத வாங்கினாலும் முதல்ல ஒரு வெள்ளத் தட்டுல பரப்பிப் பாத்துட்டு ஃப்ரீசர்ல போட்டுட்டுதான் டப்பாவுக்கு மாத்துறேன், பழசு தீராம புதுச மேல கொட்டுறதே இல்ல, டப்பாவ கழுவி காய வெச்சுட்டுதான் அடுத்தது. கண்ணாடி ஜாடியில ரப்பர் வளையம் வெச்ச மூடி நல்லா வேலை செய்யுது, மேலாப்புல நிக்கிற பிளாஸ்டிக் மூடி டப்பாவுல பூச்சி நுழைஞ்சிரும். அப்புறம் மிளகாய்த்தூள் மசாலாத்தூள்லயும் பழுப்பா குட்டி வண்டு வரும், காரம்னு அதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால தூள் எல்லாம் கொஞ்சமா வாங்குங்க.

வானதி எழுதியது:

ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன், சொல்லாம இருந்தா நல்லாருக்காது. சீலிங் மூலையில ஸ்டூல் போட்டு ஏறி பாத்ததுல ஏழு கூடு இருந்துச்சு, பலகை ஓட்டைகள்ல இன்னும் நாலு, எல்லாத்தையும் பிரஷ் விட்டு எடுத்தேன். முதல் ரெண்டு வாரம் பொறி அட்டையில அஞ்சு பூச்சி ஒட்டுச்சு, அத பாத்து அழுகையே வந்துருச்சு, ஆனா மூணாவது வாரம் ஒண்ணு, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் இல்ல. அரிசி ஃப்ரீசர்ல ஒரு வாரம் இருந்து வந்து கண்ணாடி ஜாடியில இருக்கு, தினமும் ஒரு தடவை வெளியேர்ந்து பாத்துட்டே இருக்கேன், வண்டு இல்ல. களஞ்சியம் ஐயா, மல்லிகா அக்கா, நிலா, உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு, அந்த ஊறுகாய் பாட்டில் மூடிய வெந்நீர்ல போட்டு தேய்ச்சுட்டேன், உள்ள அட்டை வளையம் மாதிரி ஒண்ணு இருக்கே, அதுக்கு அடியிலயும் கூடு இருக்குமா, பிரிச்சுப் பாக்கணுமா?

களஞ்சியம் எழுதியது:

பிரிச்சுப் பாருங்கம்மா. அங்கயும் இருக்கும்.