மறுமொழி: ‘பஸ் டிரைவர்’ – பாட்டை இயக்கியா, தட இயக்கியா?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரும் ‘பஸ் டிரைவர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது, நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். (கணினியின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசும் வழி பஸ், சாதனத்தை ஓட்டும் நிரல் டிரைவர்.) ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டு பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கெர்னல் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது சிலருக்குத் தெரியும். (கெர்னலுக்குக் கருவகமா கருநிரலா என்ற பழைய சண்டையை இப்போது கிளப்ப வேண்டாம்.) போன வாரப் பாடம் ஐ2சி, அதாவது சின்னச் சில்லுகள் பேசிக்கொள்ளும் ஒரு வகை பஸ். கையேட்டில் நம் கலைச்சொல் பட்டியலில் உள்ளபடி ‘பாட்டை இயக்கி எழுதும் முறை’ என்று தலைப்பு போட்டிருந்தேன். ஒரு பையனை வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தான். “எந்தப் பாட்டை சார் இயக்கணும்? கானாவா?”

அப்புறம் பத்து நிமிஷம் பாடம் நடக்கவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. பாட்டு என்பதோடு ஐ சேர்ந்தாலும் பாட்டைதான். இயக்கி என்பது பெயராகவும் இருக்கிறது, ‘இயக்கிவிட்டு’ என்ற வினையெச்சமாகவும் இருக்கிறது. இரண்டு பொருள் தரும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு என்றுதான் காதில் விழும். தனித்தனியாக இரண்டும் நல்ல சொற்கள். முகவரிப் பாட்டை, தரவுப் பாட்டை என்று எழுதிப் பழகியிருக்கிறோம், ராஜபாட்டை பேச்சிலேயே இருக்கிறது. சேர்த்தால்தான் வம்பு.

> பாட்டைக்குப் பதில் தடம் என்று வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

கொருக்குப்பேட்டைத் தம்பி, சேர்த்து எழுதிப் பார்த்தீர்களா? தடம், இயக்கி இரண்டும் புணர்ந்தால் ‘தடவியக்கி’. இதை அந்தப் பையன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாட்டாவது மானத்தைக் காப்பாற்றும்.

> பஸ் என்பது ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லின் வால். ‘எல்லோருக்கும்’ என்று பொருள். ஆகவே பொதுத்தடம்.

திருவொற்றியூர் அண்ணன் சொன்னது சரியான வரலாறு. நாம் ஊருக்குப் போகிற ஆம்னி பஸ்ஸில் அந்த லத்தீன் சொல் முழுசாகவே உட்கார்ந்திருக்கிறது. மின்சார வேலைக்காரர்கள் சொல்லும் பஸ்பாரும் (மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் உலோகப் பட்டை) அதே வழியில் வந்ததுதான். கணினியில் கூடுதல் அட்டைகளைச் செருக 1992-ல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐக்கு இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். பல அட்டைகள் ஒரே கம்பிக்கூட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஆனால் 2003-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் பொது என்பது போய்விட்டது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி இணைப்பு. கெர்னலோ இரண்டையும் ஒரே பிசிஐ பஸ்ஸில்தான் வைத்திருக்கிறது. இதைவிட மோசம் பிளாட்ஃபார்ம் பஸ். அதற்குக் கம்பியே கிடையாது. சில்லுக்குள் புதைந்து, தன் பெயரைத் தானே சொல்லத் தெரியாமல் கிடக்கும் சாதனங்களுக்காகக் கெர்னல் கற்பனையில் கட்டிய பஸ் அது. அவற்றின் பெயரை டிவைஸ் ட்ரீ என்ற சாதனப் பட்டியல் கோப்பில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வடம், கம்பி, பொதுத்தடம் மாதிரிப் பெயர்கள் எல்லாம் இந்த இடத்தில் கவிழ்ந்துவிடும். பாட்டைகூட இங்கே முழுசாகப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். கம்பி உண்டு என்றோ பங்கு உண்டு என்றோ அது வாக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

> பேசாமல் பஸ் டிரைவர் என்றே விட்டுவிடலாமே.

விடலாம். வகுப்பில் அதுவும் நடந்தது. “பஸ் டிரைவர் எழுத லைசென்ஸ் வேணுமா சார்?” என்றாள் ஒரு பெண். சிரிக்காதீர்கள், வேண்டும்! புதிய பஸ்ஸைக் கெர்னலில் பதிவு செய்யும் செயற்கூறு (ஃபங்ஷன்), ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் அறிவித்த மாட்யூல்களுக்கு (கெர்னலில் ஏற்றும் துணை நிரல்கள்) மட்டுமே கிடைக்கும். அந்த ஒரு வரி இல்லையென்றால் மாட்யூல் ஏறாது. கேலியாகக் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்ததில் அவளுக்குத்தான் ஏமாற்றம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது பஸ் அல்ல, டிரைவர்.

அன்றைக்கு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் இரண்டு சின்னப் பலகைகளை மாட்டினோம். ஒன்று டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, மற்றது எம்பியு6050 அசைவு உணரி. ஐ2சியில் இரண்டே கம்பிகள்தானே, எல்லாவற்றையும் அவற்றில்தான் தொங்கவிட வேண்டும். ஏழு பிட் முகவரி, 128 எண்கள், ஒதுக்கியவை போக 112 மிஞ்சும். அத்தனை எண் இருந்தும் இந்த இரண்டு சில்லுகளும் பதினறும எண் 68-லேயே வந்து நிற்கும். எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. கெர்னலிடம் கடிகாரத்தை மட்டும் அறிவித்தோம். ஐ2சி டிடெக்ட் கட்டளையைத் தட்டினால் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் வருமே, அதில் 68 இருந்த கட்டத்தில் யூயூ என்று வந்தது. ஒரு இயக்கி அந்த முகவரியை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். “ஆள் போட்டாச்சு சார்” என்றான் கானாக்காரன். கடிகாரத்தைப் படித்தால் மணி கண்டபடி வருகிறது. தெருவில் ‘பாபு’ என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவார்களே, அந்தக் கதை. இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் பதில் சொல்கின்றன. ஐ2சி கம்பியில் யார் கீழே இழுக்கிறாரோ அவர் சொன்னதுதான் எடுபடும், ஆகவே பூஜ்யம் ஜெயிக்கும், ஒன்று தோற்கும். உணரியின் முகவரியை மாற்றும் ஏடி0 முனையை 3.3 வோல்ட்டில் இணைத்ததும் அது 69-க்கு நகர்ந்தது, அதன் பிறகு நேரத்தை வைத்தோம், மணி ஒழுங்காக ஓடியது.

இதில் கவனிக்க வேண்டியது, கெர்னலின் பஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கம்பியில் அடிதடி நடந்துகொண்டிருந்தபோது அது பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்தது, ஒத்துப்போனது, இயக்கியைக் கூப்பிட்டது. ஏனென்றால் கெர்னலுக்குள் பஸ் என்பது இரண்டு பட்டியல்கள். கெர்னல் தன் உள்விவரங்களைக் காட்டும் சிஸ் அடைவுக்குள் பஸ், அதற்குள் ஐ2சி என்று போனால் டிவைசஸ் ஒரு பக்கம், டிரைவர்ஸ் ஒரு பக்கம். 2003 டிசம்பரில் வந்த கெர்னல் 2.6 பதிப்பிலிருந்து இந்த அமைப்புதான். பெண் வீட்டு ஜாதகக் கட்டு ஒரு கையில், மாப்பிள்ளை வீட்டுக் கட்டு இன்னொரு கையில். புதிதாக எந்தப் பக்கம் ஆள் சேர்ந்தாலும் எதிர்ப்பக்கக் கட்டைப் பிரித்துப் பொருத்தம் பார்க்கும். இது எதையும் இயக்குவதில்லை. இதற்கு ஏன் இயக்கி என்று பெயர்?

ஆங்கிலத்தில் ‘பஸ் டிரைவர்’ என்று ஒரே வாயில் சொல்வதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. பொருத்தம் பார்ப்பது ஒன்று. ராஸ்பெரி பையின் பிராட்காம் சில்லுக்குள் இருக்கும் ஐ2சி கட்டுப்படுத்தியை ஓட்டி, உண்மையிலேயே பிட்டுகளைக் கம்பியில் ஏற்றி இறக்குவது இன்னொன்று. கம்பியின் மறுமுனையில் இருக்கும் கடிகாரத்தோடு பேசுவது மூன்றாவது. ஆங்கிலக்காரர்களே இதில் தடுமாறுகிறார்கள். நாம் ஏன் அந்தத் தடுமாற்றத்தைப் பத்திரமாக மொழிபெயர்த்து வைக்க வேண்டும்?

என் முன்மொழிவு: பஸ் பாட்டையாகவே இருக்கட்டும். பொருத்தம் பார்ப்பது ‘பாட்டைப் பொருத்தகம்’. கட்டுப்படுத்தியை ஓட்டுவது ‘பாட்டைத்தலை இயக்கி’ (தலைமதகு சொல்கிறோமே, அந்தத் தலை). மூன்றாவது வழக்கம்போல் சாதன இயக்கி. பாட்டையும் இயக்கியும் எங்கேயும் ஒட்டி நிற்பதில்லை, ஆகவே கானாவும் வராது. போர்ட்டுக்குத் ‘துறை’ என்று வைத்தவர் புண்ணியவான், துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. அந்த மாதிரி இதுவும் வாயில் நிற்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கூடவே இன்னொன்று. பொருத்தம் ஆனதும் இயக்கியின் ப்ரோப் செயற்கூறு அழைக்கப்படுகிறது. அதற்குத் துருவல் என்று பட்டியலில் போட்டிருக்கிறோம், தேங்காய் ஞாபகம்தான் வருகிறது. ‘விசாரணை’ என்று வைப்போம். ஏனென்றால் கெர்னல் 3.4 பதிப்பில், 2012-ல், ஒரு புதிய விடை சேர்ந்தது: ‘எனக்கு வேண்டிய மின்னழுத்தச் சீராக்கி இன்னும் தயாராகவில்லை, அப்புறம் கூப்பிடு’. கெர்னலும் அதை ஒரு பட்டியலில் போட்டுவைத்து, வேறு ஏதாவது இயக்கி வெற்றிகரமாக ஏறியதும் மறுபடி கூப்பிடும். பாரிமுனை கோர்ட்டு வாசலில் ஒரு நாள் நின்றவருக்கு இதன் பெயர் தெரியும். வாய்தா!

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து

—

கொருக்குப்பேட்டையிலிருந்து:

அண்ணே, தடவியக்கிக்கு மன்னிப்பு. பொருத்தகம் என்றால் கல்யாணத் தகவல் மையம் போர்டு மாதிரி இருக்கிறது. ஆனால் மறக்காது. என் வாக்கு அதற்கே.

—

திருவொற்றியூரிலிருந்து:

தம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் விஷயத்தில் நான் தோற்றேன், பொதுத்தடத்தைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றாகப் பிரித்தது நல்லது. பாட்டைத்தலை மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. யுஎஸ்பியில் ஹோஸ்ட்டையும் (சாதனங்களை ஆளும் கணினிப் பக்கம்) தலை என்பீர்களா? அதில் 127 சாதனம் வரை ஒரே ஹோஸ்ட்டின் கீழ் வரும், அது கேட்காமல் எந்தச் சாதனமும் வாய் திறக்காது, ஆகவே தலை என்பது அங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். வாய்தாவை ஏற்க மாட்டேன். அரபு வழியாக வந்த சொல். தவணை இருக்கிறதே?

—

தண்டையார்பேட்டையிலிருந்து:

அண்ணே, யுஎஸ்பிக்கும் தலைதான். பட்டியலில் தவணை என்று மாற்றிவிட்டேன். வகுப்பில் வாய்தாதான் சொல்வேன், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், இனி பிடுங்க முடியாது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘பாட்டை இயக்கி’ வரும் இடங்களைத் தேடி மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று ஆங்கில வரியில் இருக்காது, ஒவ்வொரு இடத்திலும் நிரலைத் திறந்து பார்க்க வேண்டும். ஐ2சி, பிசிஐ பகுதிகளை நான் பார்க்கிறேன். கொருக்குப்பேட்டைத் தம்பி, யுஎஸ்பியை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?