கலைச்சொல் தேவை: புற்றைத் தொடக்கும் பற்றீரியாவும் பிறகு வந்து சேரும் பற்றீரியாவும்

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தர மாணவருக்காகப் பெருங்குடல் புற்றுநோய்க்கும் பற்றீரியா, வைரசுகளுக்கும் உள்ள தொடர்பு பற்றிச் சிறு கைநூல் ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு இடத்தில் நிற்கிறேன். 2012இல் முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கத்தின்படி, சில பற்றீரியாக்கள் குடற்சுவர்க் கலங்களின் டிஎன்ஏயைச் சேதப்படுத்திப் புற்றுக்கு அத்திவாரம் போடுகின்றன. கட்டி வளர்ந்ததும் அந்தச் சூழல் வேறு பற்றீரியாக்களுக்கு வாய்ப்பாகிவிட, அவை பெருகி முதலில் இருந்தவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. முன்னதை ட்ரைவர் என்றும் பின்னதை பசெஞ்சர் என்றும் சொல்கிறார்கள். சாரதி, பயணி என்று போட்டால் பிள்ளைகளுக்கு பஸ்தான் நினைவுக்கு வரும். அதோடு இந்தப் பயணி இறங்குவதே இல்லை. நல்ல சொல் தாருங்கள்.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, இதற்கு எங்கேயும் போய்த் தேடவேண்டாம். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்கள். கட்டுகிறது ஒன்று, வந்து இருக்கிறது இன்னொன்று. நீங்கள் சொல்வதும் அதுதான். நோய்க்கும் புற்று என்றே பெயர் இருக்கிறது. புற்றெடுப்பி, குடிபுகி என்று வையுங்கள். கொல்லி, உண்ணி போல இகர விகுதி செய்பவரைக் குறிக்கும்.
இன்னொன்று. குடல் என்பதைக் குடர் என்றே எழுதலாம். பந்தல் பந்தர், சாம்பல் சாம்பர் போல இதுவும் கடைப்போலி. சங்கப் பாட்டிலும் குடர் உண்டு. அப்படியே வைரசையும் நச்சுயிரி ஆக்கிவிடுங்கள்.

மாங்குளம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்:
ஐயா கோபிக்கக் கூடாது. புற்றெடுப்பி என்றால் எங்கள் சனம் புற்றை எடுத்துவிடுகிற மருந்து என்றுதான் விளங்கிக்கொள்ளும். பாடநூலில் வைரசு என்று படித்த பிள்ளைக்கு நச்சுயிரி எதற்கு? தொடக்கி, குடியேறி போதும்.

வவுனியா, மருத்துவர்:
சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். இரண்டு பெட்டியும் அவ்வளவு சுத்தமாகப் பிரியவில்லை. குடலில் வாழும் ஈ. கோலி என்ற பற்றீரியாவின் சில வகைகள் கொலிபக்டின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. அது டிஎன்ஏயில் விட்டுப்போகும் தனி அடையாளம் மனிதப் பெருங்குடல் கட்டிகளிலும் இருப்பது 2020இல் தெரியவந்தது. இதைத் தொடக்கும் பக்கத்தில் வைக்கலாம். ஃபியூசோபற்றீரியம் என்ற இன்னொரு பற்றீரியா அப்படியல்ல. அது வாயில், பல்லுக் காரையில் வாழ்வது. பெருங்குடல் கட்டிகளில் அது மிகுந்திருப்பதை 2012இல் இரண்டு குழுக்கள் காட்டின. 2012இன் அந்த விளக்கம் இதைப் பிறகு வருவதாகத்தான் வைத்தது. ஆனால் இது கலத்தில் ஒட்டி அதன் வளர்ச்சியையும் தூண்டுகிறது. நாகம் புற்றைப் பெருப்பிப்பதில்லை ஐயா, இது பெருப்பிக்கிறது.
வைரசில் இன்னும் கவனம் வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு எச்பிவி என்ற வைரசு காரணம் என்பது உறுதி. பெருங்குடலில் எந்த வைரசுக்கும் அப்படி உறுதி இல்லை. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. ஆகவே ‘புற்றாக்கி வைரசு’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். கட்டியில் இருப்பது வேறு, கட்டியை உண்டாக்குவது வேறு.

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை:
டொக்டர், நுண்ணுயிர்க்கொல்லி பற்றி ஒரு வரி போடலாமா?

வவுனியா, மருத்துவர்:
போடுங்கள், ஆனால் எலி என்ற சொல் அதே வரியில் இருக்கட்டும். ஃபியூசோபற்றீரியம் இருந்த மனிதக் கட்டியை எலிக்குள் வளர்த்து மெற்றோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தபோது வளர்ச்சி குறைந்தது, 2017இல். அதைப் படித்துவிட்டு ஆட்கள் பார்மசிக்குப் போய்விடக் கூடாது. மலத்தோடு இரத்தம் போனால் மூலம் என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

முல்லைத்தீவு, மொழிபெயர்ப்பாளர்:
குடியேறி வேண்டாம். 2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் என்ற சொல்லோடுதான் நாங்கள் வாழ்ந்தோம். குடியேற்றம் என்றால் இங்கே காணியும் முகாமும் பதிவுப் பத்திரமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரைக் கிருமிக்கு வைத்து எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எனக்கு மனமில்லை.

மாங்குளம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்:
ஓம், அதை நான் யோசிக்கவில்லை. எடுத்துவிடுங்கள்.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அப்படியென்றால் குடிபுகிக்கு என்ன குறை? புகுதல் பழைய சொல், யாரையும் நோகடிக்காது.

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை:
ஐயா, வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். குடிபுகியைக் குடிபோதை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நேரமும் இல்லை. ‘தொடக்கிப் பற்றீரியா’, ‘பின்சேர் பற்றீரியா’ என்று போடுகிறேன். கறையான் பழமொழியை விளக்கத்தில் வைத்து, நாகத்தின் விடயத்தில் டொக்டர் சொன்ன திருத்தத்தையும் கீழே சேர்க்கிறேன். குடல் குடலாகவே இருக்கட்டும்.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகட்டும் பிள்ளை, மறிக்கவில்லை. பின்சேர் நல்ல வினைத்தொகை. ஆனால் தொடக்கிக்கு என் சம்மதம் இல்லை. இருப்பது வேறு, உண்டாக்குவது வேறு என்று புற்றாக்கியைத் தள்ளிய டொக்டர், தொடக்கியை மட்டும் எப்படி விட்டார்? தொடக்கியது அதுதான் என்று அந்தப் பெயரே தீர்ப்புச் சொல்கிறதே. அடுத்த பதிப்புக்கு முன் இதற்கு மறுமொழி வேண்டும்.