'சமர்ப்பி' பட்டன் அழுத்தினா ஒண்ணுமே நடக்கல

கேள்வி: விண்ணப்பப் படிவம் முழுக்க நிரப்பிட்டேன். 'சமர்ப்பி' அழுத்தினா அசையவே மாட்டேங்குது, எரர்கூட வரல. பிரவுசரோட இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) விண்டோல மட்டும் வேலை செய்யுது. விளம்பரத் தடுப்பான்தான் காரணமா? அதை மொத்தமா எடுக்க எனக்கு மனசில்ல.

பதில்: பெரும்பாலும் அதுதாங்க. விளம்பரத் தடுப்பான் மாதிரி பிரவுசர்ல சேர்க்கிற எக்ஸ்டென்ஷன்கள், இன்காக்னிட்டோல நீங்களா அனுமதிச்சாதான் ஓடும். எடுக்க வேண்டாம். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப்பைத் திறந்து வச்சுட்டு பக்கத்தை ரீலோட் பண்ணுங்க. தடுக்கப்பட்டது சிவப்பா தெரியும். பல நேரம் அது தளத்துக்கு வர்றவங்களைக் கண்காணிக்கிற ஒரு ஸ்கிரிப்டா (சின்ன புரோகிராமா) இருக்கும். அது லோடாகலன்னா, அதை நம்பி எழுதின பட்டனோட புரோகிராமும் அங்கேயே நின்னுடும். தளத்தை எழுதினவங்கதான் இதைக் கவனிச்சிருக்கணும்.

பதில்: உங்க விளம்பரத் தடுப்பான் யூபிளாக் ஆரிஜின்னா, அதோட லாகர்ல (பதிவுப் பட்டியல்ல) எந்த ஃபில்டர் வரி, அதாவது எந்தத் தடுப்பு விதி, தடுத்ததுன்னே காட்டும். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பான்ல விலக்கு கொடுங்க.

கேட்டவர்: சிவப்புல ஒரு அனலிட்டிக்ஸ் (கண்காணிப்பு) ஃபைல்! விலக்கு கொடுத்தேன், விண்ணப்பம் போய்ச் சேர்ந்துடுச்சு. ரொம்ப நன்றிங்க. தளத்துக்காரங்களுக்கும் எழுதிட்டேன்.