‘மண்டபம் வீடு’ வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள்

கதிர்: இன்று காலை ஒரு விமானத்தில் போனேன். எவ்வளவு நேரப் பயணம், சொல்லுங்கள் பார்க்கலாம்.

சித்தி: எடின்பரோவிலிருந்து லண்டனா? ஒன்றே கால் மணி நேரம்.

கதிர்: 2 நிமிடம் சித்தி. அதுவும் அட்டவணையில் போட்ட நேரம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் இருக்கின்றனவே, அங்கே வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு. 2.7 கிலோமீட்டர். உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை.

யாழினி: பாப்பாவா! பெயரே செல்லமாக இருக்கிறது.

கதிர்: நம்ம பாப்பா இல்லை. அங்கே அது பழைய காலத்துப் பாதிரியாரைக் குறிக்கும் சொல்.

பெரியப்பா: இரு தம்பி. 2 நிமிடத்தில் 2.7 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 81. ராமநாதபுரம் பஸ்காரனே இந்த வேகத்தில் போவான். இதற்கு எதற்கு விமானம்?

அத்தை: அண்ணன் கணக்கு நோட்டை எடுத்துவிட்டார்.

கதிர்: வேகம் இல்லாமல் இல்லை பெரியப்பா. ஐலாண்டர் என்று குட்டி விமானம், எட்டுப் பேர் போகலாம். மணிக்கு 240 கிலோமீட்டர் போகும். அதே வேகத்தில் போனால் 40 நொடி போதும். ஆனால் ஓடி, எழும்பி, மறுபடி இறங்கவேண்டுமே! ஏறி முடிப்பதற்குள் இறக்கம் வந்துவிடுகிறது. எனக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. காற்று வாகாக இருந்த ஒரு நாள் 53 நொடியிலேயே போயிருக்கிறார்கள்.

அத்தை: எனக்கு சிங்கப்பூர் சென்னை 2,900 கிலோமீட்டர். நாலே கால் மணி நேரம். அதையும் வகுத்துச் சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா: 680 சொச்சம்.

கதிர்: பார்த்தீர்களா! ஏறி இறங்கும் நேரம் ரெண்டு பேருக்கும் உண்டு. அத்தைக்கு நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே சீரான பறப்பு. எனக்கு நடு என்பதே கிடையாது.

பெரியப்பா: சரி, ஒப்புக்கொள்கிறேன். நம்ம பழைய பாம்பன் பாலமும் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான். ரயில் அதை ஊர்ந்து கடப்பதற்குள் நீ ஏழெட்டுத் தடவை பறந்திருப்பாய்.

சித்தி: அந்த ஊர்வதில்தானே கடலைப் பார்த்தோம். இவன் என்னத்தைப் பார்த்தான்?

யாழினி: படகு கிடையாதா?

கதிர்: உண்டு. ஆனால் கடல் கொந்தளித்தால் நம்ப முடியாது. பாப்பா வெஸ்ட்ரேயில் மொத்தமே 90 பேர் அளவில்தான். டாக்டர், டீச்சர் எல்லாம் இந்த விமானத்தில்தான் வந்து போகிறார்கள். 1967 முதல் ஓடுகிறது. ஓடுபாதை அரை கிலோமீட்டர், சுற்றிலும் புல்வெளி. அப்புறம் ஒன்று, 5,000 வருடத்துக்கு முந்தைய கல்வீடு அங்கே அப்படியே நிற்கிறது. எகிப்துப் பிரமிடுகளைவிடப் பழசு. நான் போனதே அதற்குத்தான்.

அத்தை: சாப்பிட ஏதாவது கொடுத்தார்களா?

கதிர்: அத்தை, மிட்டாயைப் பிரிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

பெரியப்பா: விமானியைப் பார்த்தாயா?

கதிர்: அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள்! இரண்டாவது விமானி கிடையாது.

பெரியப்பா: அப்படிச் சொல்! வீடியோ அனுப்பு.

கதிர்: போனைத் திறந்து கேமராவைத் தேடிக்கொண்டிருந்தேன் பெரியப்பா. சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.