படாக் கீற்றும் சிவந்துபோன வெள்ளை மரமும்

ஒண்டாரியோவில் வீட்டுக் கராஜில் 16 அடி கனூ (துடுப்புப் படகு) ஒன்றை மூன்று குளிர்காலமாகக் கட்டினேன். 6 மி.மீ. தடிப்பான சிவப்பு சிடார் கீற்றுகளை அச்சுகளின் மேல் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளும் வெளியும் கண்ணாடி இழைத் துணி போர்த்தி எபாக்ஸி என்ற பிசின் பூசும் முறை. முழுக்க சிடாராகவே விட மனம் வரவில்லை. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, வெளிர் நிற பாஸ்வுட் கீற்றுகள் இரண்டுக்கு நடுவில் ஆப்பிரிக்கப் படாக் என்ற சிவப்பு மரத்தின் கீற்றை ஓடவிட்டேன். புதிதாக அறுத்த படாக்கின் அந்த ஆரஞ்சுச் சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

முதலில் சிடார் அகலத்துக்கே அறுத்தேன். படகின் உடல் முறுக்கிக்கொண்டு முனைக்குப் போகும் இடத்தில் அது வளைய மறுத்தது. 6 மி.மீ. அகலமாக அறுத்த பிறகு படிந்தது. படாக் சிடாரைப்போல இரண்டு மடங்கு கனம்தான், ஆனால் இவ்வளவு மெல்லியதாக இருந்தால் இரு பக்கமும் சேர்த்து 300 கிராம்கூட வராது.

கோளாறு தேய்க்கும்போது தொடங்கியது. மின் தேய்ப்பான் மென்மையான சிடாரைக் குழி பறித்தது, படாக் மட்டும் வரப்பு மாதிரி நின்றது. சரி, நீளப் பலகையில் உப்புத்தாளை ஒட்டிக் கையால் சமன்செய்தேன். அப்புறம்தான் பெரிய தவறு. எபாக்ஸிக்கு முன்னால் தூசி போகட்டும் என்று அசிட்டோன் நனைத்த துணியால் குறுக்கே துடைத்தேன். ஒரே இழுப்பில் பாஸ்வுட் முழுக்க ரோஸ் நிறம். படாக்கின் சாயம் அசிட்டோனில் கரையும்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். படாக், நம் வேங்கை, செம்மரம் மூன்றும் ஒரே பேரினம். வேங்கை மரக் குவளையில் இரவு ஊற்றிய தண்ணீர் காலையில் நிறம் மாறியிருப்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் நான்.

சாயம் இறங்கிய பாஸ்வுட்டை இரும்புத் தகட்டுச் சுரண்டியால், கீற்றின் நீளவாக்கிலேயே மயிரிழையாகச் சீவி எடுத்தேன். இரண்டு வார இறுதிகள் போயின. தூசியை வேக்குவம் வைத்து மட்டும் உறிஞ்சினேன், துணியே தொடவில்லை. படாக் தூசி மூக்கையும் தோலையும் எரிக்கும், முகமூடி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று, வெயில் படப்பட படாக் பழுப்பாகிவிடும். எபாக்ஸிக்கு மேல் புற ஊதாத் தடுப்பு வார்னிஷ் அடித்தால் அது தள்ளிப்போகும், நிற்காது. எபாக்ஸியைக் காக்கவும் அந்த வார்னிஷ் எப்படியும் வேண்டும்.

மரத்தைப் புதுப் பலகையாக வாங்கவில்லை. 2022 பனாமா மாநாட்டில் ஆப்பிரிக்காவின் இந்தப் பேரின மரங்கள் அனைத்தும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, சாய்வாக வெட்டி முனையோடு முனை ஒட்டி நீளமாக்கினேன். அலங்காரக் கோட்டுக்கு அதுவே தாராளம்.

இடது பக்க முன்முனையில் ஒரு சாண் அளவுக்கு அந்த ரோஸ் நிறம் எபாக்ஸிக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அங்கே முறுக்கு அதிகம், சுரண்டித் தகடு உட்காரவில்லை.