மன்றோ கலெக்டராக இருந்தபோது வயலுக்கு வரி போட்டது எப்படி?

கேள்வி: கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ என்றாலே கவர்னர் பதவியும் சென்னையில் நிற்கும் குதிரைச் சிலையும்தான் பேச்சு. அதற்கு முந்தைய வசூல் அதிகாரி காலம் பற்றித் தெரிய வேண்டும். 1792 முதல் பாராமகால் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்), பிறகு மேற்குக் கரையோரக் கனரா, 1800 முதல் 1807 வரை நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகள். அங்கெல்லாம் ஒரு குடியானவன் நிலத்துக்கு வரி எந்த வரிசையில் முடிவானது?

கணக்குப்பிள்ளை: பாராமகாலில் அவர் தலைமை அதிகாரி இல்லை, அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளர். இருவருமே பட்டாளத்துக்காரர்கள். சிவில் அதிகாரிகளில் உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் அரிது என்பதால்தான் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இவர்களை அனுப்பினார்.

முழு அளவில் வேலை நடந்தது கடப்பைப் பக்கம்தான். அளவுச் சங்கிலி 33 அடி. 33-க்கு 33 அடிச் சதுரம் ஒரு குண்டா, 1,089 சதுர அடி. 40 குண்டா சேர்ந்தால் சரியாக ஒரு ஏக்கர். அளப்பவர்களுக்கு முதலில் மாதச் சம்பளம், பிறகு ஏக்கர் கணக்கில் கூலி. ஏக்கர் கூலி என்றால் அவசர அளவு வரும், அதனால் மறு அளவு பார்க்கும் சோதனைக்காரர்களுக்கு மட்டும் மாதச் சம்பளமே. அடுத்து மதிப்பீட்டாளர்கள் வந்து, ஊர்த்தலைவர், கர்ணம் (ஊர்க் கணக்கர்), குடிகளை வைத்துக்கொண்டு நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்துத் தரம் போடுவார்கள். கடைசியில் கச்சேரியில், அதாவது கலெக்டர் அலுவலகத்தில், ஊர் மொத்தத்தைப் பழைய வசூலோடு ஒப்பிட்டுக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஆக, வயலிலிருந்து மேலே போன கணக்கு என்று சொன்னாலும் மேலிருந்து இறங்கிய தொகைக்கும் அதில் பங்கு உண்டு.

ஃபசலி: மேலே சொன்னது சரி. ஆனால் தொல்லை சங்கிலியில் இல்லை, விகிதத்தில். மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம் சர்க்காருக்குப் போனது. அவ்வளவு கொடுத்தபின் நிலத்துக்கு விற்பனை மதிப்பு எங்கிருந்து வரும்? ஒருவன் கிஸ்தி (வரித் தவணை) கட்டத் தவறினால் ஊரில் மற்றவர்கள் 10 சதவீதம் வரை ஈடுகட்ட வேண்டும் என்ற விதி வேறு. நன்றாகப் பயிர் செய்தவனுக்கு அது தண்டனை.

மன்றோவுக்கே இது புரிந்திருந்தது. 1807-ல் நஞ்சை, புஞ்சைக்கு 25 சதவீதமும் தோட்டத்துக்கு 33 சதவீதமும் குறைக்கச் சொன்னார். சர்க்கார் பங்கு மூன்றில் ஒன்றாக இறங்கும். மேலிடம் ஏற்கவில்லை. அவர் ஊருக்குக் கப்பலேறியதும் கிராமத்தையே மூன்று வருடக் குத்தகைக்கு விட்டார்கள், பிறகு பத்து வருடத்துக்கு. அதே உயர்ந்த தீர்வையை வைத்துக் குத்தகைத் தொகை போட்டதால் எடுத்தவர்கள் பலர் நொடித்தார்கள். 1820-ல் மன்றோ கவர்னராகத் திரும்பிய பிறகுதான் ரயத்துவாரி, அதாவது ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக வரி வாங்கும் முறை, நிலைத்தது. அவரைக் குடிகளின் நண்பன் என்று எழுதுகிறவர்கள், முதலில் 45 சதவீதம் போட்டவரும் அவரே என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

கேட்டவர்: அப்படியானால் வருடா வருடம் ஜமாபந்தி எதற்கு? தீர்வைதான் வயலுக்கு நிலையாகிவிட்டதே?

கணக்குப்பிள்ளை: தீர்வை நிலையானது, சாகுபடி நிலையானது இல்லை. குடியானவன் இந்த வருடம் இரண்டு வயலை விட்டுவிடலாம், தரிசு ஒன்றை எடுக்கலாம். கிணறு வற்றியது, பயிர் சாவியானது என்று வஜா (வரித் தள்ளுபடி) கேட்கலாம். அதையெல்லாம் தீர்த்துப் பட்டா கொடுப்பதே ஜமாபந்தி. கர்ணம் கையில் பேனா இருப்பதால் ஓட்டையும் அங்கேதான்: பயிரான வயலைத் தரிசு என்று எழுதி வரியைப் பங்கு போடலாம், எதிரியின் தரிசைப் பயிர் என்று எழுதிப் பழி தீர்க்கலாம். நூற்றுக்கணக்கான ஊர்களை ஒரே கலெக்டர் நேரில் பார்க்க முடியாது.

ஃபசலி: கீழே வசூல் எப்படி நடந்தது என்பதற்கு 1855-ல் வந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையைப் பாருங்கள். விரல்களைக் கட்டைக்கிடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தை வளைத்துக் கால் விரலோடு கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது, இரண்டும் பதிவாகியிருக்கின்றன. 1816 விதிகளில் கலெக்டருக்கே மாஜிஸ்திரேட், போலீஸ் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தது மன்றோவின் யோசனை. வரி கேட்பவனும் புகார் வாங்குபவனும் ஒரே கச்சேரி ஆள் என்றால் புகார் எங்கே போகும்?