4 ஜிபி ஃபைலில் 'கோயில்' வரிகளை மட்டும் பிரிக்க: கிரெப்பா, பைத்தானா?

கரிசல்: தமிழ் உரைத் தொகுப்பு ஒன்று, 4 ஜிபி டெக்ஸ்ட் ஃபைல். 'கோயில்' வரும் வரிகளை மட்டும் தனியா எடுக்கணும். பைத்தானில் ரீட்லைன்ஸ் போட்டேன். 8 ஜிபி ராமும் நிரம்பி மெஷின் நின்னுடுச்சு.

மின்மினி: இதுக்கு எதுக்குங்க புரோகிராம்? கிரெப்பில் ஒரே கட்டளை. கென் தாம்ப்சன் 1973-லேயே யூனிக்ஸுக்கு எழுதிக் கொடுத்த கருவி. வரி வரியாப் படிச்சு, பொருந்தினதை மட்டும் வெளியே தள்ளும், ராம் நிரம்பாது.

சோளக்காடு: ராம் பிரச்சினை பைத்தானோடது இல்லை, ரீட்லைன்ஸோடது. அது எல்லா வரியையும் லிஸ்ட்டா வச்சுக்கும்; ஒவ்வொரு வரிக்கும் எழுத்து போக 50 பைட்டுக்கு மேல கூடுதல் செலவு. ஃபைல் மேலேயே ஃபார் லூப் ஓட்டுங்க, ஒரு நேரத்தில் ஒரு வரிதான் இருக்கும்.

ஆனா கிரெப்பை நம்பாதீங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் வேற. எழுத்துக்கு எழுத்து குறியீடு தர்ற யூனிகோடில் 'கோ' எழுத ரெண்டு வழி இருக்கு. இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடு ஒண்ணு. கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியீடு இன்னொண்ணு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கிரெப் குறியீட்டை அப்படியேதான் ஒப்பிடும், ரெண்டாவது வகை வரிகளைச் சத்தமில்லாம விட்டுடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை 'என்எஃப்சி'ன்னு (பிரிஞ்ச குறியீடுகளை ஒண்ணாச் சேர்க்கிற வடிவம்) கொடுத்துக் கூப்பிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்.

மின்மினி: அதையே யூகான்வ்ங்கிற யூனிகோட் மாற்றுக் கருவி வழியா அனுப்பி, அப்புறம் கிரெப்புக்குக் கொடுக்கலாமே. பைத்தான் மட்டும் தமிழுக்குச் சரியா இருக்கா? அதோட ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (வடிவம் கொடுத்துத் தேடுற முறை) புள்ளியும் கொம்பும் சொல்லெழுத்தாவே கணக்கில் வராது. சொல் எல்லை போட்டுத் தேடினா 'கோயில்' நடுவிலேயே உடையும்.

சோளக்காடு: அது உண்மை, ஒத்துக்கிறேன். தமிழுக்கு அந்த எல்லைக்குறி வேண்டாம். இடைவெளியில் பிரிச்சு, நிறுத்தக்குறியை நீக்கி, சொல்லை நேரா ஒப்பிடுங்க.

கரிசல்: லூப்பும் நார்மலைஸும் சொல் ஒப்பீடும் போட்டேன். ராம் அசையவே இல்லை. கிரெப் விட்ட வரிகளும் கிடைச்சிடுச்சு. ஃபைலின் முதல் வரி மட்டும் விழலை, 'கோயில்'னுதான் அது ஆரம்பிக்குது.

மின்மினி: ஃபைல் தொடக்கத்தில் பிஓஎம்னு கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கும்; ஓரத்து இடைவெளியை நீக்குற ஸ்ட்ரிப் அதை எடுக்காது. ஃபைலைத் திறக்கிற ஓப்பனில் என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்'னு மாத்திப் பாருங்க, அந்தக் குறியைத் தள்ளிட்டுப் படிக்கும்.

கரிசல்: வந்துடுச்சு. ரெண்டு பேருக்கும் நன்றி.